சரியான சொல் கிடைக்கும்வரை

காய்ச்சல் என்று சொல்லி லீவுக் கடிதம் எழுதித் தரக் கேட்டு வந்த ஆளிடம், "காய்ச்சலா, சுரமா? ரெண்டும் ஒண்ணில்ல, மொதல்ல உட்காருங்க" என்று கதிரையை இழுத்துப் போடும் ஒரு மனிதரை உங்களுக்குத் தெரியும். தெரியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். மாத்தளையில் தெருவுக்கு ஒருவராவது இருக்கிறார், உங்கள் ஊரில் மட்டும் இல்லாமலா போய்விடுவார்? இந்த இனத்துக்கு நானே ஒரு பெயர் வைத்திருக்கிறேன்: சரியான சொல்காரர். இதைவிட நல்ல பெயர் ஒன்றை மூன்று வருடமாகத் தேடிக்கொண்டிருக்கிறேன், அது வேறு கதை.

இவரை அடையாளம் காண்பது சுலபம். சட்டைப் பையில் இரண்டு பேனா இருக்கும், அதில் ஒன்று சிவப்பு. வீட்டில் பழுப்புத்தாள் உறை போட்ட ஓர் அகராதி இருக்கும். முன்பக்கம் பத்துத் தாளும் பின்பக்கம் இருபது தாளும் கிழிந்து போயிருப்பதால், அகரத்திலும் வகரத்திலும் தொடங்கும் சொற்களைப் பற்றி மட்டும் இவர் கொஞ்சம் அடக்கமாகப் பேசுவார். திருகோணமலை வீதியில் நடந்து போனால் கடைக்குள் என்ன விற்கிறார்கள் என்று பார்க்க மாட்டார், கடைப் பலகையில் என்ன எழுதியிருக்கிறார்கள் என்றுதான் பார்ப்பார். கலியாணக் காட் வந்தால் சிவப்புப் பேனாவால் ஏழு இடத்தில் சுழித்து வைத்துவிட்டு, எல்லாவற்றையும் திருத்திய களைப்பில் திகதியைப் பார்க்க மறந்து, மறுநாள் பட்டு வேட்டியோடு போய்ப் பந்தல் பிரிக்கிறவர்களோடு நின்றுவிட்டு வருவார்.

இவரிடம் மூன்று வசனங்கள் நிரந்தரமாக உண்டு. "அவசரப்படாதீங்க." "அப்படியும் சொல்லலாம், ஆனா..." "இதுல ஒரு நுணுக்கம் இருக்கு." இந்த மூன்றாவதைக் கேட்டதும் ஓடத் தெரிந்தவர்கள் ஓடிவிடுவார்கள். லக்கலைக்கு ஒரு நாளைக்கு இரண்டு பஸ் மட்டும் ஓடிய காலத்தில், பின்னேரப் பஸ்ஸைப் பிடிக்க ஓடிவந்த ஒரு மனிதரை நிறுத்தி, "வயலுக்குள்ள யானை புகுந்துட்டுதுன்னு சொன்னீங்களே, புகுந்துதா, இறங்குச்சா?" என்று கேட்டார், அந்த மனிதர் பதில் யோசித்து முடிப்பதற்குள் பஸ் போய்விட்டது. பாவம், அன்று இரவு அந்த மனிதர் எங்கள் வீட்டு முன்னறையில்தான் படுத்தார்.

ஆம், எங்கள் வீட்டில். அந்தச் சரியான சொல்காரர் நான்தான். சண்முகராஜா மாஸ்டர் என்று உக்குவளைப் பக்கம் போகும் பாதையில் யாரைக் கேட்டாலும் வீட்டைக் காட்டுவார்கள். காட்டிவிட்டு, "அவசரமான வேலையா இருந்தா வேற ஆளப் பாருங்க" என்றும் சொல்லி அனுப்புவார்கள்.

எழுபத்தொன்றாம் ஆண்டு சித்திரையில் இளைஞர்கள் அரசாங்கத்துக்கு எதிராக ஆயுதம் எடுத்ததும் நாட்டில் நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். அதற்குப் பிறகு எங்கள் ஒழுங்கைக்கு, நாங்கள் குடியிருக்கும் சின்னத் தெருவுக்கு, எதிரே நான் படிப்பித்த பள்ளிக்கூடத்தில் படையினரைக் கொண்டுவந்து இறக்கினார்கள். வாசலில் தார்ப் பீப்பாய், பீப்பாய்க்குப் பின்னால் மணல்மூட்டை, மணல்மூட்டைக்குப் பின்னால் துப்பாக்கியோடு ஒருவர். பிள்ளைகளைப் பிரித்துக் கோயில் மடத்திலும் வேறு பள்ளிக்கூடத்திலும் உட்காரவைத்தார்கள். எனக்கு வாரத்துக்கு மூன்று பாடம் மட்டும்தான் மிஞ்சியது. சும்மாவே சொல் தேடுகிற ஆளுக்கு வேலையும் இல்லாமல் போனால் என்ன ஆகும்? ஊருக்குத்தான் ஆபத்து.

ஒழுங்கையில் எல்லோரும் அவர்களை 'ஆமி' என்றார்கள். இடத்தைக் 'கேம்ப்' என்றார்கள். பக்கத்து வளவுச் சிங்களக் குடும்பம் 'கந்தவுர' என்றது. யாருக்கும் ஒரு குறையும் இருக்கவில்லை. எனக்கு மட்டும் ஒரு குறை உள்ளே அரித்துக்கொண்டே இருந்தது.

ஆவணி மாதம் வந்தது. மழை இல்லை. ஒழுங்கையில் இருந்த நாலு கிணறும் ஒன்றன்பின் ஒன்றாக அடி தெரிய ஆரம்பித்தன. வற்றாத கிணறு ஒன்றே ஒன்றுதான், அது பள்ளிக்கூட வளவுக்குள் இருந்தது. முந்தியெல்லாம் பள்ளிக்கூடம் விட்டதும் ஒழுங்கைப் பெண்கள் குடத்தோடு உள்ளே போய் அள்ளி வருவார்கள். இப்போது பீப்பாயைத் தாண்டி யார் போவது? ஒரு மைல் இறங்கிச் சுதுகங்கை ஆற்றுக்குப் போய், அதே ஒரு மைலை நிறைகுடத்தோடு ஏறி வந்தார்கள்.

ஒரு திங்கட்கிழமை காலையில் றஹீமா வந்தார். எங்கள் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு அவருடையது. கணவர் மவுத்தாகி ஆறு வருடம் ஆகிறது. ஒரே மகள் ஸரீனா. தம்புள்ளையில் கடை வைத்திருக்கிற ஒருவருக்குக் கட்டிக்கொடுத்து, முதல் பிரசவத்துக்கு வழக்கப்படி தாய் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதம். றஹீமாவுக்கோ இடது முழங்கால் வீங்கியிருந்தது. கையில் வெறுங்குடம், கங்கைக்குப் போகும் வழியில்தான் எங்கள் வீட்டில் ஏறியிருக்கிறார்.

"மாஸ்டர், ஒங்களால ஒரு ஒதவி வேணும். ஸ்கூல் கெணத்துல காலைல ரெண்டு குடம், பின்னேரம் ரெண்டு குடம் அள்ள விடச் செல்லி மேல எடத்துக்கு ஒரு காயிதம் எழுதித் தாங்க. புள்ளை பொறந்தா நாப்பது நாளைக்கு எவ்வளவு தண்ணி வேணும்னு ஒங்களுக்கே தெரியும். இந்தக் கால வச்சிக்கிட்டு என்னால கங்கைக்கி எறங்கி ஏற ஏலாது."

கேட்டதும் எனக்கு மனம் இளகிவிட்டது. உடனே பேனாவை எடுத்தேன். 'மேன்மை தங்கிய ஐயா' என்று முதல் வரி தண்ணீராக ஓடியது. இரண்டாம் வரியில் 'எமது பாடசாலையில் தற்போது நிலைகொண்டிருக்கும்' என்று எழுதினேன். பேனா நின்றது.

நிலைகொண்டிருக்கும் என்ன?

"றஹீமா தாத்தா, அவசரப்படாதீங்க. இதுல ஒரு நுணுக்கம் இருக்கு," என்றேன். தாத்தா என்றால் அவர்கள் பேச்சில் அக்கா. பாவம், அவர் ஓடத் தெரியாதவர், முழங்கால் வேறு. குடத்தை இடுப்பில் வைத்தபடி நின்றார்.

நான் விளக்கத் தொடங்கினேன். இங்கிலீஷ்காரன் 'கரிசன்' என்று ஒரு சொல் வைத்திருக்கிறான். போகிற வழியில் இறங்கி, சோறு தின்று, கூடாரத்தைச் சுருட்டிக்கொண்டு கிளம்புகிற படைக்கு அந்தப் பெயர் இல்லை. ஒரு கோட்டையையோ ஊரையோ கைவிட்டுப் போகாமல் காப்பதற்கென்று அங்கேயே குந்தியிருக்கிற படைக்குத்தான் அந்தப் பெயர். தமிழில் பாசறை உண்டு, பாளையம் உண்டு, தண்டு உண்டு. எல்லாம் போருக்குப் போகிற வழியில் இறங்குகிறவர்களுக்கு. குந்தியிருக்கிறவர்களுக்கு என்ன இருக்கிறது? காவற்படை என்றால் பொலிஸ்காரரும் காவல்தான். நிலைப்படை என்றால் அரசாங்கம் வருடம் முழுக்கச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிற படை முழுவதும் நிலைப்படைதான். கோட்டைப்படை என்றால் கோட்டை எங்கே இருக்கிறது, வாழைத்தோட்டத்துக்கும் மைதானத்துக்கும் நடுவில்?

றஹீமா எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டார். "ஆமின்னு எழுதினா அவங்களுக்கு வெளங்காதா மாஸ்டர்?"

"வெளங்கும். ஆனா சரியில்ல."

"இந்தாங்க," என்று குசினி அடுப்படியிலிருந்து என் மனைவி கமலாட்சியின் குரல் வந்தது. "அவங்களுக்கு வேண்டியது தண்ணி. தண்ணிக்கு ஒரு சொல்லு இருக்குல்ல? அதை எழுதுங்க, போதும்."

பெண்களுக்கு ஆராய்ச்சி மனம் கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன். அதை வாய்விட்டுச் சொல்லாமல் விட்டேனே, அந்த வாரத்தில் நான் செய்த ஒரே புத்தியான காரியம் அதுதான். "நாளைக்கு வாங்க தாத்தா, முடிச்சு வைக்கிறேன்," என்றேன். அவர் கங்கைக்கு இறங்கிப் போனார்.

செவ்வாய்க்கிழமை என்ன செய்தேன் என்று நினைக்கிறீர்கள்? மனுவை எழுதினேன் என்றா? டவுனுக்குப் போய்க் கோட்டை வாசலைப் பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒரு காலத்தில் மாத்தளையில் கோட்டை கட்டிப் படையை இருத்தியிருந்தான். கோட்டை போய்விட்டது, வாசல் மட்டும் நிற்கிறது, உள்ளே இப்போது சேமக்காலை, கல்லறைத் தோட்டம். ஒரு சொல்லின் பொருளை அது வாழ்ந்த இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்பது என் கொள்கை. வாசலில் முக்கால் மணி நேரம் நின்றேன். கோட்டையில் குந்தியிருந்த படையில் பாதிப் பேர் இன்னும் உள்ளேதான் படுத்திருக்கிறார்கள் என்று ஒரு வசனம் தோன்றியது. அதை நோட்டில் எழுதிக்கொண்டு, மனுவுக்கு அது உதவாது என்பதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டு, சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

புதன்கிழமை அழகையாவின் தேத்தண்ணிக் கடைக்குப் போனேன். சொல்லுக்குப் பொருள் மட்டும் இருந்தால் போதாது, புழக்கம் வேண்டும் அல்லவா? ஜனங்களின் வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். அழகையா அடுப்புக்கும் மேசைக்கும் நடுவில் பறந்துகொண்டிருந்தார்.

"அழகையா, 'காவற்படை'ங்கிற சொல்ல வச்சு ஒரு வசனம் சொல்லுங்க."

"காவற்படைக்குப் பத்து பிளேன்டீ போகணும், தள்ளி நில்லுங்க மாஸ்டர்."

வசனத்தில் ஒரு பிழையும் இல்லை. பொருள் சரி, புழக்கம் சரி, பிளேன்டீயும் சரியாகப் பத்துத்தான். அந்த இடத்திலேயே விஷயம் முடிந்திருக்க வேண்டும். ஆனால் இவ்வளவு சுலபமாகக் கிடைத்த சொல்லை எந்தச் சரியான சொல்காரர் எடுத்துக்கொள்வார்? அழகையாவுக்கே தெரிந்த சொல்லுக்கு நான் எதற்கு?

வியாழக்கிழமை அகராதி. வெள்ளிக்கிழமை கிடைத்தது. கிழிந்த பக்கங்களுக்கு அடுத்த தாளில், யாரும் தொடாமல், தூசியோடு உட்கார்ந்திருந்தது அந்தச் சொல். அது எந்தச் சொல் என்பதைப் பிறகு சொல்கிறேன், அதற்குரிய இடம் வரும். மனுவின் இரண்டாம் வரியில் அதை வைத்ததும் அந்த வரி நெஞ்சை நிமிர்த்தி நின்றது. மற்ற வரிகளும் அதற்கு ஈடு கொடுக்க வேண்டும் என்று 'எமது கல்விக்கூடத்தைக் கைக்கொண்டு' என்றும், 'தாகத்தால் தவிக்கும் குடிமக்கள்' என்றும், 'நீதியின்பால் நம்பிக்கை இழக்காத நாம்' என்றும் ஏற்றினேன். காலையில் இரண்டு குடம், பின்னேரம் இரண்டு குடம் என்ற விஷயம் நாலாம் பக்கத்தின் அடியில் வந்தது. பதிவுத் தபாலில் அனுப்பினேன்.

ஐந்து நாளும் றஹீமா குடத்தோடு எங்கள் வாசலைக் கடந்து இறங்கினார், ஏறினார். முதல் நாள் நின்று கேட்டார். இரண்டாம் நாளும் கேட்டார். மூன்றாம் நாளிலிருந்து பார்த்துவிட்டு மட்டும் போனார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. எங்கள் வீட்டு வாசற் படலையிலிருந்து பள்ளிக்கூட வாசலுக்கு எழுபது யார் தூரம்தான். பதினொரு வருடம் அந்த வாசலால் போய் வந்தவன் நான். அந்தக் கிணற்றுக் கப்பி எந்த இடத்தில் கீச்சென்று கத்தும் என்று எனக்குத் தெரியும். சிங்களமும் நன்றாகப் பேசுவேன். நேரே போய் இரண்டு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏன் கேட்கவில்லை? பயம். சுத்தமான பயம். துப்பாக்கிக்கு முன்னால் போய் நிற்பதைவிட அகராதிக்கு முன்னால் உட்காருவது எவ்வளவு சௌகரியம்! அதை ஆராய்ச்சி என்று சொல்லிக்கொள்ளலாம், யாரும் கோழை என்று சொல்ல மாட்டார்கள். எங்கள் இனத்தில் பாதிப் பேருடைய புலமை இப்படி வந்ததுதான் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

பத்து நாள் கழித்து ஒரு கடிதம் வந்தது. அனுப்பியவர் சிவஞானம், மனு போன காரியாலயத்தில் தமிழைச் சிங்களத்துக்கு மாற்றுகிற உத்தியோகத்தர். காரியாலயத்தின் பெயரைச் சொல்ல மாட்டேன், எனக்கு இன்னும் பென்ஷன் எழுத வேண்டியிருக்கிறது. 'தங்கள் மனுவின் இரண்டாம் வரியில் வரும் சொல்லைக் கண்டு மெய்சிலிர்த்தேன். இருபது வருட சேவையில் இப்படி ஒரு சொல்லை ஒரு மனுவில் கண்டதில்லை. ஆயினும் அது ஓரிடத்தில் தங்கும் படையைக் குறிக்குமா, அப்படை தங்கும் இடத்தைக் குறிக்குமா என்பதில் அடியேனுக்கு ஓர் ஐயம். தெளிவுபடுத்தினால் மொழிபெயர்ப்பைத் தொடர ஏதுவாக இருக்கும்.'

ஆகா! கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக்கு ஓடினேன்.

"தண்ணிக்குச் சரின்னுட்டாங்களா?" என்றாள் கமலாட்சி.

"அதைவிடப் பெரிய விசயம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வைக்கு எந்த அகராதியிலும் சொல் இல்லை. நான் ஆறு பக்கம் பதில் எழுதினேன். அவர் எட்டுப் பக்கம் எழுதினார். 'மேலும் ஓர் ஐயம்' என்று அவர் தொடங்குவார், 'தங்கள் ஐயம் நியாயமானதே, ஆனால்' என்று நான் தொடங்குவேன். மூன்று வாரம் இப்படிப் போனது. மாத்தளையில் ஒரே இனத்தைச் சேர்ந்த இரண்டு பேர் ஒருவரை ஒருவர் கண்டுபிடித்துவிட்டோம், எங்களுக்கு என்ன குறை? மனு அவருடைய மேசையில் கிடந்தது.

றஹீமா காத்திருக்கவில்லை. எங்கள் முதல் ஐயம் தீர்வதற்கு முன்பே, ஒரு காலையில், நான் ஜன்னலருகே உட்கார்ந்து பதில் எழுதிக்கொண்டிருக்கும்போது, அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு, குடத்தோடு, நொண்டி நொண்டி நேரே பள்ளிக்கூட வாசலுக்குப் போனார். காவலுக்கு நின்றவர் ஏதோ சொல்ல, உள்ளேயிருந்து நரை விழுந்த சார்ஜன்ட் ஒருவர் வந்தார்.

"மல்லி," என்றார் றஹீமா. தம்பி என்று அர்த்தம். "அபே துவட்ட லமயெக் ஹம்பவென்ட இன்னவா. வத்துர டிக்கக் தென்ட." எங்கள் மகளுக்குக் குழந்தை பிறக்க இருக்கிறது, கொஞ்சம் தண்ணீர் தாருங்கள். அவ்வளவுதான். மேன்மை தங்கிய ஐயாவும் இல்லை, தவிக்கும் குடிமக்களும் இல்லை.

"கன்ட அம்மே, கன்ட," என்றார் சார்ஜன்ட். எடுங்கள் அம்மா என்று சொல்லிக்கொண்டே பீப்பாயை அவரே ஒரு பக்கம் உருட்டினார். முழங்காலைப் பார்த்துவிட்டு ஒருவரை விட்டுக் குடத்தை வீடுவரை தூக்கிக் கொடுக்கவும் வைத்தார்.

மறுநாள் ஒழுங்கை முழுவதும் குடத்தோடு நின்றது. காலையில் ஒரு மணி நேரம், பின்னேரம் ஒரு மணி நேரம் என்று அவர்களே ஒழுங்கு வைத்துக்கொண்டார்கள். கமலாட்சியும் போனாள். அந்தத் தண்ணீரில் போட்ட தேநீரைக் குடித்துக்கொண்டுதான் நான் சிவஞானத்துக்கு எட்டாம் பக்கம் எழுதினேன். மனுவைத் திருப்பி வாங்கிவிட வேண்டும் என்று தோன்றவில்லையா என்று கேட்கிறீர்களா? கமலாட்சி சொன்னாள். றஹீமாவும் சொன்னார்: "மாஸ்டர், தண்ணி கெடச்சிட்டுது, அந்தக் காயிதத்த விட்டுடுங்க." எப்படி விடுவது? சொல் இன்னும் தீர்மானமாகவில்லையே!

கடைசியில் தீர்மானமாயிற்று. சிவஞானம் மனம் நிறைந்து மொழிபெயர்த்து மேலே அனுப்பினார். மேலே இருந்து அது இன்னொரு மேலுக்குப் போய், அங்கிருந்து கீழே இறங்கி, பள்ளிக்கூடத்துக்குப் புதிதாக வந்திருந்த ஓர் இளம் அதிகாரியின் மேசைக்கு வந்து சேர்ந்தது. அவர் கெட்டவர் இல்லை. சார்ஜன்டைக் கூப்பிட்டு, "இவர்களுக்கு நாங்கள் தண்ணீர் கொடுக்கிறோமா?" என்று கேட்டிருக்கிறார். "கொடுக்கிறோம் சேர்." "யாருடைய அனுமதியில்?" கடிதத்தில் வந்துவிட்டால் பைல் திறக்க வேண்டும், பைல் திறந்தால் தீர்மானம் வரும்வரை எல்லாம் நிறுத்த வேண்டும் என்பது சட்டம். பைலைத் திறந்தார்கள், கிணற்றை மூடினார்கள். பீப்பாய் பழைய இடத்துக்கு உருண்டு வந்தது.

அது ஒரு புதன்கிழமை. ஸரீனாவுக்கு வலி எடுத்ததும் அதே புதன்கிழமைதான்.

பிரசவம் பார்க்கிற மிட்வைப் நோனா வந்து பையை வைத்ததும் கேட்ட முதல் கேள்வி, "தண்ணி எங்க?" வீட்டில் அரைக்குடம் இருந்தது. றஹீமா முழங்காலையும் பாராமல் பள்ளிக்கூட வாசலுக்கு ஓடினார். சார்ஜன்ட் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். "அம்மே, மட்ட பே. லியுமக் அவா," என்றார். என்னால் முடியாது, ஒரு கடிதம் வந்திருக்கிறது. அந்தக் கடிதத்தை எழுதியவன் எழுபது யார் தள்ளிப் படலையைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.

றஹீமா திரும்பி வந்து என் முன்னால் நின்றார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். உள்ளே ஸரீனா கத்தினாள், அந்தச் சத்தம் ஒழுங்கை முழுக்கக் கேட்டது.

"மாஸ்டர்," என்றார் றஹீமா. "இப்ப என்ன செய்ற?"

கமலாட்சி பின்புறத்திலிருந்து இரண்டு தகர வாளிகளைக் கொண்டுவந்து என் காலடியில் வைத்தாள். நாங்கள் கலியாணம் கட்டிய இருபத்திரண்டு வருடத்தில் அவள் சொல்ல வந்ததை நான் விளக்கம் கேட்காமல் புரிந்துகொண்டது அன்றைக்குத்தான்.

ஓடினேன். நாற்பத்தேழு வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுதுகங்கைக்கு ஒரு மைல் இறங்கினேன். நிறைவாளி இரண்டோடு ஏறினேன். ஏறும்போது பாதி சிந்திவிடும் என்பது எனக்குத் தெரியாது. அதை றஹீமாவிடமோ கமலாட்சியிடமோ கேட்டிருந்தால் தண்ணீரின் மேல் ஓர் இலையைப் போடச் சொல்லியிருப்பார்கள். முதல் தடவை இரண்டு அரைவாளி கொண்டுவந்தேன். "மதி, மதி, தவ கேன்ட!" என்று மிட்வைப் நோனா உள்ளேயிருந்து கத்தினார். போதாது, இன்னும் கொண்டு வா. மறுபடி ஓடினேன். மூன்றாம் தடவை ஏறும்போது வழியில் ஒரு கல்லில் உட்கார்ந்து அழுதேன். களைப்பில் அழுதேனா, பயத்தில் அழுதேனா? அந்தப் பெண்ணுக்கு ஏதாவது ஆகிவிட்டால் அந்த நாலு பக்கத்தையும் நான் எங்கே கொண்டுபோய் ஒளிப்பேன் என்றுதான் அழுதேன். பிறகு எழுந்து வாளியைத் தூக்கினேன்.

நாலாம் தடவை றஹீமா வீட்டுப் படலைக்குள் நுழையும்போது குழந்தை அழும் சத்தம் கேட்டது. தாய்க்கும் குழந்தைக்கும் ஒரு குறையும் இல்லை. றஹீமா வெளியே வந்து வாளியை வாங்கினார். "அல்ஹம்துலில்லாஹ்," என்றார். கண் நிறைந்திருந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாஸ்டர், நீங்க கெட்டது நெனச்சிச் செய்யல்ல. எனக்குத் தெரியும்," என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நாளைக்கி விடிய இன்னும் ரெண்டு நட வேணும்," என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

நாற்பது நாள். எண்ணிக்கொள்ளுங்கள், நாற்பது. விடியக் காலையில் இரண்டு நடை, பின்னேரம் இரண்டு நடை. ஒழுங்கைப் பெண்கள் என்னோடு கூடவே இறங்கினார்கள், கூடவே ஏறினார்கள், வாளிக்குள் இலை போடச் சொல்லிக்கொடுத்தார்கள். கிணறு மூடியதற்கு நானே காரணம் என்று எல்லோருக்கும் தெரியும். முகத்துக்கு நேரே ஒருவரும் சொல்லவில்லை. "மாஸ்டர், இதுல ஒரு நுணுக்கம் இருக்கு, வலது கையில பாரத்தக் கொறைங்க" என்று மட்டும் சொன்னார்கள். அழகையா தன் கடை வாசலில் நின்றுகொண்டு, "காவற்படை வருது, வழி விடுங்க," என்பார். அந்தச் சொல்லை அவரைப்போல் புழங்க எனக்கு இன்னும் வராது.

நாற்பத்தோராம் நாள் அனுமதிக் கடிதம் வந்தது. காலையில் ஒரு மணி நேரம், பின்னேரம் ஒரு மணி நேரம் தண்ணீர் அள்ளலாம். கடிதம் வருவதற்கு முந்தின இரவே மழை தொடங்கி, ஒழுங்கைக் கிணறு நாலும் நிறைந்து வழிந்துகொண்டிருந்தன.

பிறகொரு நாள் டவுன் பஸ் ஸ்டாண்டில் சிவஞானத்தைக் கண்டேன். முதன்முறை நேரில் பார்க்கிறோம். கட்டிப்பிடிக்காத குறைதான். எனக்குக் கேட்காமல் இருக்க முடியவில்லை.

"அந்தச் சொல்லுக்குச் சிங்களத்துல என்ன போட்டீங்க?"

அவர் தயங்கினார். சுற்றிலும் பார்த்தார். "கோபிக்கக் கூடாது சேர். கடைசி நேரத்துல மேல இருந்து அவசரப்படுத்திட்டாங்க. 'ஹமுதாவ'ன்னு போட்டுட்டேன். ஆமின்னுதான்."

இரண்டு பேரும் பஸ் வரும் பாதையைப் பார்த்தோம். பிறகு அவர், "ஆனா சேர், எனக்கு இன்னும் ஓர் ஐயம் இருக்கு," என்றார். நான் அவசரமாகப் பஸ் ஏறிவிட்டேன். அது எந்த ஊர்ப் பஸ் என்றும் பார்க்கவில்லை. வடக்கே வெகுதூரம் போய் நாலந்தாவில் இறங்கித் திரும்பி வந்தேன்.

இவ்வளவையும் வாசித்துவிட்டு, நல்லவேளை நான் இந்த இனத்தில் இல்லை என்று சாய்ந்து உட்கார்ந்திருப்பீர்கள். அவசரப்படாதீர்கள். அகராதியில் கண்டெடுத்த அந்தச் சொல் எது என்று பிறகு சொல்கிறேன் என்றேன், ஞாபகம் இருக்கிறதா? கடைசிவரை நான் சொல்லவேயில்லை. எப்போது சொல்லப் போகிறான், இந்தச் சொல்லாக இருக்குமோ, அந்தச் சொல்லாக இருக்குமோ என்று நடுவில் எத்தனை முறை யோசித்தீர்கள்? றஹீமா குடத்தோடு ஏறி இறங்கும்போதும் யோசித்தீர்கள் அல்லவா?

ஸரீனாவுக்குப் பிறந்தது ஆணா பெண்ணா என்றும் நான் சொல்லவில்லை. அதை நீங்கள் கேட்கவே இல்லை.

வாளி இரண்டும் எங்கள் வீட்டுப் பின்புறத்தில் கவிழ்ந்து கிடக்கின்றன. சுதுகங்கைக்கு வழி நான் காட்டுகிறேன், வாருங்கள்.